மேளம் முந்திய ஞாயிறு

2009 நவம்பரின் மூன்றாம் ஞாயிறு வரைக்கும் லோங் சுவோனின் மேளம் எந்தச் சண்டையிலும் முந்திக்கொண்டதில்லை.

கம்போடியத் தலைநகர் புனோம்பென்னில் தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் பின்புறம், தகரக் கூரைக்கு அடியில், சண்டை மேடையின் ஓரத்திலேயே அவன் இடம். சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடிக்கு முன்னால் மேளத்தைக் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் கையால் அடிப்பான். பக்கத்தில் நிம் குழல் ஊதுவார். அவருக்கு அந்தப் பக்கம் ரோன் கைத்தாளம் தட்டுவான். பந்தயம் கட்டியிருந்தால் தாளம் தப்புவான்.

வேலை இதுதான்: மேடையில் கால் முன்னே வந்தால் மேளம் முன்னே வரும். கால் நின்றால் மேளம் பதுங்கும். இரண்டு பேரும் கழுத்தைக் கட்டிக்கொண்டு முழங்காலால் ஒருவரை ஒருவர் இடித்தால் மேளம் நெருக்கும். காலுக்குப் பின்னால்தான் கை. "கொஞ்சம் வேகமா விடுண்ணே, எவனும் அடிச்சிக்க மாட்டேங்கறான்" என்று பந்தயக்காரர்கள் பீர் கேனை நீட்டுவார்கள். சுவோன் கேனை வாங்கிக்கொள்வான். வேகம் கூடாது.

அவனுடைய இடது கை முழுதாக நீளாது. முழங்கையில் மடிந்தபடி நின்றுவிட்ட கை. மேளத்துக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். அப்படிச் செய்தவர் சரின்.

1996இல் பட்டம்பாங் ஊர்த் திருவிழாவில் சுவோனும் சரினும் மோதினார்கள். மூன்றாவது ரவுண்டில் சரின் வீசிய உதையைச் சுவோன் இடது கையால் தடுத்தான். கை உடைந்து எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அதைப் பார்த்து முதல் வரிசையில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். சுவோன் விழவில்லை. வலது கையால் சரினின் மூக்கை உடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். மறுநாள் ஆஸ்பத்திரிக்கு மூக்கில் பஞ்சோடு வந்த சரின், "சோத்துக்கு என்ன பண்ணப்போற?" என்று கேட்டார். அடுத்த வருடம் புனோம்பென்னில் பயிற்சிக் கூடம் வைத்தபோது சுவோனையும் அழைத்துக்கொண்டார். மேளம் சுவோனுக்குத் தெரியும். எல்லை முகாமில் கற்றது.

சுவோனின் தகப்பன் எல்லையை நோக்கி நடக்கும்போது கண்ணிவெடியில் போனான். அம்மா அப்போது கர்ப்பம். தாய்லாந்து எல்லையிலிருந்த அகதி முகாமில் தம்பி கெம்ரா பிறந்தான். சுவோனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. முகாமில் சண்டைக்குக் கையுறை கிடையாது, சாக்குக் கயிறுதான். அதைக் கைகளில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் நனைத்துக் காயவிட்டால் கல் மாதிரி இறுகும். ஜெயித்தவனுக்கு டின் மீன். சுவோன் கொண்டுவந்த டின் மீனில்தான் கெம்ரா வளர்ந்தான். அம்மா காய்ச்சலில் இறந்த பிறகு அந்த டின் மட்டும்தான்.

1993இல் முகாமைக் கலைத்து எல்லோரையும் ஊருக்கு அனுப்பினார்கள். பேருந்து கிளம்பியபோது பதின்மூன்று வயதுக் கெம்ரா அதில் இல்லை. தாய்லாந்துச் சண்டைக் கூடம் வைத்திருந்த ஒருவரின் வண்டியில் ஏறித் தாய்லாந்தின் சூரின் ஊர்ப் பக்கம் போய்விட்டான். அங்கே அவனுக்குத் தாய்லாந்துப் பெயர் வைத்தார்கள். சுவோன் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். பதினாறு வருடம்.

அக்டோபரில் கெம்ரா எல்லையோரப் பொய்ப்பெட்டிலிருந்து வரும் பேருந்தில் வந்து இறங்கினான். ஒரு பை, வீங்கிய கணுக்கால், முன்பல் இரண்டு இல்லை.

சுவோனின் வாடகை அறையில் அன்று மத்தியானம் சோறு, புளித்த மீன், பச்சைக் கத்தரிக்காய். நிம்மும் ரோனும் வந்திருந்தார்கள். கெம்ரா பேசிய ஊர்மொழியான கெமரில் தாய்லாந்து வாடை அடித்தது. மிளகாயைக்கூடத் தாய்லாந்து மொழியில்தான் எண்ணிப் போட்டுக்கொண்டான்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத" என்றார் நிம். "நம்மகிட்ட இருந்து திருடின வித்தையைக் கத்துக்க தாய்லாந்துக்காரன் ஊருக்குப் போயிருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல? அங்கோர் கோயில் சுவத்துல போய்ப் பாரு. முழங்கை, முழங்கால், எல்லாம் அப்பவே செதுக்கி வெச்சிருக்கான்."

"தாய்க்காரன் நாமதான் திருடினோம்கறான், மாமா. பர்மாக்காரன் ரெண்டு பேரும் திருட்டுப் பயலுகங்கறான்." கெம்ரா வாயைத் திறந்து பல் போன இடத்தைக் காட்டினான். "இதை மட்டும் எவனும் திருடல. பர்மாக்காரன் தலையாலயே முட்டிட்டான். அவன் ஊர்ல அதுக்கும் அனுமதி உண்டு. கிளவுசும் கிடையாது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பல்லைத் தேடினேன்."

ரோன் சிரித்துச் சிரித்துப் புரையேறினான். சுவோன் சிரிக்கவில்லை. தம்பியின் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டும் அடி வாங்கி வாங்கிக் கடித்துத் துப்பிய கொழுக்கட்டை போல இருந்தன.

"எத்தனை நாள் இருப்ப?" என்று கேட்டான்.

"நீ துரத்துற வரைக்கும். அங்க போதும்ணே. அங்க ஜெயிச்சா நான் தாய்க்காரன், தோத்தா கம்போடியாக்காரன்."

மறுநாள் சுவோன் அவனைச் சரினிடம் கூட்டிப்போனான். சரின் கெம்ராவைச் சுற்றி வந்து, தோளைத் தட்டி, தொடையைக் குத்திப் பார்த்தார். மாட்டுச் சந்தையில் பார்ப்பது போலத்தான்.

"சரக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா சுவோன், இவனுக்கு நான் இடம் குடுத்தா டிக்கெட் வாங்கறவன் என்னைக் கேப்பான், சியாம்காரனுக்குச் சோறு போடறியான்னு. ஒரு சண்டை தரேன். என் கூடத்துப் பையன் சம்பாத்தோட. இவன் மூலையில நானே நிக்கறேன். ஜெயிச்சா என் கூடத்துல இடம், படுக்கை, மாசம் ரெண்டு சண்டை. தோத்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"தோத்தா சூரின் பஸ்" என்றான் கெம்ரா. "அங்க என் முதலாளி வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்திருப்பாரு."

மியாஸ் சம்பாத் பிரேவெங் வயல்காட்டிலிருந்து வந்தவன். வயது இருபத்திரண்டு. காலையில் கூடத்தில் அவன் பயிற்சி எடுப்பதை அண்ணனும் தம்பியும் நின்று பார்த்தார்கள். மூலையில் ஒரு கேசட் ஓடிக்கொண்டிருந்தது. குழல், தாளம், மேளம். மேளம் நிதானமாக நடக்கும்போது சம்பாத் உதைத்தான். நெருக்கும்போது முழங்காலால் இடித்தான். மேளம் இரட்டையாகித் தடதடக்கும் இடம் வந்ததும், எதிரே நின்ற பயிற்சியாளர் அடி வாங்கும் பஞ்சுப் பட்டையைத் தலை உயரத்துக்குத் தூக்கினார். சம்பாத் முழங்கையை வீசினான். வலம், இடம், வலம். மேளம் அடங்கும் வரைக்கும் அவன் நிற்கவே இல்லை.

"யாருண்ணே அடிக்கிறது?"

"நான்தான். சரின் ரெண்டு வருஷம் முன்னால பதிவு பண்ணாரு. காலையில அஞ்சரை மணிக்கு என்னை எழுப்ப முடியாதில்ல."

"உன்னை வெச்சே என்னை அடிக்கப் பழகறானா? நல்ல குடும்பம்." கெம்ரா கண்ணைச் சிமிட்டினான். "அங்க ரெண்டு மேளம் வெப்பாங்கண்ணே. ஆம்பள மேளம், பொம்பள மேளம். இங்க ஒண்ணுதானா?"

"ஒண்ணு போதும் உனக்கு."

போகும்போது சரின் கெம்ராவின் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "இங்க பாரு. அங்க நாலு ரவுண்டுல கணக்கு முடிஞ்சிடும். முந்தி நிக்கிறவன் அஞ்சாவதுல பின்னால போய் ஆட்டம் காட்டுவான், எதிராளியும் சரி போன்னு விட்டுடுவான். எனக்குத் தெரியும், நானும் அங்க அடிச்சிருக்கேன். இங்க அது ஆகாது. இங்க அஞ்சாவதுல பின்னால போனா, ஓடறான்னுதான் அர்த்தம். மார்க் போடறவன் முன்ன நடந்த எல்லாத்தையும் மறந்துடுவான்."

"தெரியும் மாமா."

"உனக்குத் தெரியும். உன் காலுக்குத் தெரியுமா?"

ஞாயிறு பிற்பகல் தகரக் கூரை காய்ந்து கிடந்தது. கீழே ஆயிரம் பேர், மேலே தொலைக்காட்சி விளக்குகள். கெம்ரா கயிற்றைத் தாண்டி மேடைக்குள் இறங்கி, குருவை வணங்கும் ஆட்டத்தைத் தொடங்கினான். மூன்று முறை குனிந்து, கைகளை இறக்கை போல விரித்து, ஒரு காலைத் தூக்கி நின்றான். தூக்கிய விதம் அந்தப் பக்கத்து விதம். கூட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

"ஏய் சியாம், விசா வாங்கினியா?"

"அவன் ஆடி முடிக்கறதுக்குள்ள நான் போய் நூடுல்ஸ் சாப்ட்டு வந்துடறேன்."

"சம்பாத்து, அவனைப் பார்சல் கட்டி அனுப்புடா."

சுவோன் மேளத்தை மெதுவாக நடத்தினான். கைகள் வியர்த்தன. இரண்டு முறை கைலியில் துடைத்துக்கொண்டான்.

முதல் ரவுண்டில் இருவரும் ஒருவரை ஒருவர் முகர்ந்தார்கள், அவ்வளவுதான். இரண்டாவதில் கெம்ராவின் இடதுகால் பேச ஆரம்பித்தது. சம்பாத்தின் வலது விலாவில் விழுந்த முதல் உதை ஈரச் சாக்கைச் சிமெண்ட் தரையில் போட்ட மாதிரிக் கேட்டது. இரண்டாவது உதை அதே இடம். மூன்றாவது தடுக்க வந்த கையின் மேல். அந்தக் கை அதற்குப் பிறகு தோளுக்கு மேல் எழவில்லை. கூட்டம் ஒவ்வொரு உதைக்கும் "ஏய்" என்றது, பிடிக்காவிட்டாலும்.

மூன்றாவதில் சம்பாத் உள்ளே புகுந்து முழங்கையை இறக்கினான். கெம்ராவின் தலையில் மயிர் தொடங்கும் இடத்தில் வாய் திறந்தது போல வெடித்தது. ரத்தம் புருவத்தில் தேங்கி மூக்கு வழியாக வடிந்தது. கெம்ரா அதைத் துடைக்கவில்லை. சம்பாத்தின் கழுத்தை இரண்டு கையாலும் பூட்டி, தலையைக் கீழே இழுத்து, முழங்காலால் இடித்தான். வயிறு, வயிறு, விலா, வயிறு. சம்பாத்தின் வாயிலிருந்து தண்ணீரும் காலையில் குடித்த கஞ்சியும் வந்து கெம்ராவின் காலில் விழுந்தன. மணி அடித்தது. ரோனின் தாளம் முற்றிலும் நின்றுபோயிருந்தது.

"யார் மேல கட்டின?" என்றார் நிம், குழலை எடுத்துவிட்டு.

"சம்பாத்து மேல."

"அப்ப இனி நாங்க ரெண்டு பேரும்தான் வாசிக்கணும்."

நான்காவதில் கெம்ரா அவனை அறுத்தான். சரியான வார்த்தை அதுதான். கழுத்துப் பூட்டிலிருந்து விடுபட்ட நொடியில் வீசிய முழங்கை சம்பாத்தின் இடது புருவத்தைப் பிளந்தது. வெள்ளையாக எலும்பு தெரிந்தது. டாக்டர் ஏறி, பஞ்சை அழுத்திப் பார்த்து, போகலாம் என்று கை காட்டினார். மறுபடி முழங்கால், அடிவயிற்றில். சம்பாத் நான்கு காலில் விழுந்தான். நடுவர் எட்டு எண்ணும்போது எழுந்தான். எழுந்தவன் தவறான மூலைக்கு நடந்தான். கூட்டத்தில் பாதிப் பேர் அமைதியானார்கள். மீதிப் பேர் முதல்முறையாகக் கெம்ராவின் கெமர்ப் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

சுவோன் தன் அறையைப் பற்றி நினைத்தான். இன்னொரு பாய் வாங்க வேண்டும். கொசுவலையை அகலமாகக் கட்ட வேண்டும்.

ஐந்தாவது ரவுண்டுக்கு மணி அடித்தது. கெம்ரா பின்னால் போனான்.

முதலில் ஓர் அடி. பிறகு இரண்டு. கைகளைத் தாழ்த்தி, தோளை ஆட்டி, பல் இல்லாத வாயால் சிரித்துக்கொண்டு மேடையைச் சுற்றினான். வலது கையுறையை முன்னே நீட்டினான்: நல்லா அடிச்ச, போதும், தொட்டுக்க. சூரினில் என்றால் எதிராளி தொட்டிருப்பான். சம்பாத் தொடவில்லை. என்ன கேட்கிறான் என்பதே அவனுக்குப் புரியவில்லை. ஒரு கண் மூடிக்கொண்டு ரத்தம் ஒழுக, மெதுவாக, மாடு வண்டியைத் தொடர்வது போலத் தொடர்ந்து நடந்தான்.

"ஓடறான்டா."

"சியாம் ஓடறான்."

கத்தல் கூரையில் போய் மோதித் திரும்பியது. சரின் கெம்ராவின் மூலையில் நின்று துண்டை வீசி வீசி "முன்ன போ, முன்ன போ" என்று அலறினார். ஒரு சொல்லும் மேலே ஏறவில்லை. மார்க் போடுகிறவர்களில் ஒருவர் பேனாவால் தாளைத் தட்டுவதைச் சுவோன் பார்த்தான். அந்தத் தட்டலின் பொருள் அவனுக்குத் தெரியும்.

"கெம்ரா" என்று கத்தினான். மேளக்காரன் கத்தக்கூடாது என்று சட்டம் இல்லை. கத்தினால் கேட்காது.

தம்பிக்குக் கேட்கக்கூடிய ஒரே குரல் அவன் கைக்கு அடியில் இருந்தது.

சுவோன் மேளத்தை இரட்டித்தான். மேடையில் யாருடைய காலும் வேகமாக நகரவில்லை. மேளம் மட்டும் ஓடியது. கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்த நிம்மின் கண்கள் பிதுங்கின. பேச முடியாது, வாயில் குழல். தலையை இல்லை, இல்லை என்று ஆட்டினார். சுவோன் பார்க்கவில்லை. மடங்கிய இடது கையும் வலது கையும் தோலில் தடதடவென்று இறங்கின. போ. முன்ன போ. அடி. இங்கயே இரு.

கெம்ரா மேளம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

சம்பாத் நிமிர்ந்தான். அதுவரைக்கும் எழாமல் தொங்கிய வலது கை எழுந்தது. இரண்டு வருடம், தினம் காலை, அந்தத் தடதடப்பு வந்ததும் எழுந்த கை. முழங்கை கெம்ராவின் இடது காதுக்கு மேல் விழுந்தது. தேங்காய் உடைக்கும் சத்தம். கெம்ராவின் கால்கள் கலைந்தன, கயிற்றில் சரிந்தான். கயிறு அவனை விழவிடாமல் பிடித்துக்கொண்டது. இடது முழங்கை தாடையில். மறுபடி வலது, அதே காதுக்கு மேல். வலம், இடம், வலம். கெம்ராவின் கண்கள் திறந்திருந்தன, யாரையும் பார்க்கவில்லை. நடுவர் சம்பாத்தின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். சம்பாத் அவரையும் தூக்கிக்கொண்டு அடித்தான்.

மேளம் அடங்கும் வரைக்கும் அவன் நிற்க மாட்டான். சுவோனுக்கு அப்போதுதான் அது தெரிந்தது. மேளம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவனுடைய கைகள்தான் ஓட்டிக்கொண்டிருந்தன.

கைகளைத் தூக்கினான்.

சம்பாத்தின் முழங்கை பாதியில் நின்றது. கெம்ரா கயிற்றிலிருந்து நழுவி, பக்கவாட்டில் சாய்ந்து, தலை பலகையில் மோத விழுந்தான். காதிலிருந்து ரத்தமும், ரத்தம் இல்லாத ஏதோ தெளிந்த நீரும் வந்தன. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

மண்டை ஓட்டில் விரிசல். இடது காது போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். உயிர் தங்கும், நடை கொஞ்சம் தள்ளாடும், இனிமேல் மேடை ஏறினால் நேராகப் பிணவறைதான்.

மூன்றாம் நாள் சம்பாத் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தான். புருவத்தில் தையல், கண்ணைச் சுற்றி நாவல் பழ நிறம். கெம்ரா தூங்கிக்கொண்டிருந்தான். சம்பாத் சுவோனுக்கு இரண்டு கையையும் கூப்பினான்.

"எனக்கு அஞ்சாவது ரவுண்டு சரியா ஞாபகமே இல்லண்ணே. செத்துட்டேன்னுதான் நெனச்சேன். மேளம் எழுந்துச்சு, நானும் எழுந்துட்டேன். உங்க மேளம்தாண்ணே என்னைக் காப்பாத்துச்சு."

சுவோன் பழங்களை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தான்.

கெம்ராவுக்குப் பேச்சு ஒரு வாரத்தில் திரும்பியது. கஞ்சி ஊட்டும்போது கேட்டான், "மேளம் ஏன் ஓடுதுன்னுதான் திரும்பிப் பாத்தேன். நீ அப்படி அடிக்க மாட்டியேண்ணே."

"உனக்காகத்தான் அடிச்சேன்."

"எனக்கா?"

"முன்ன போன்னு."

கெம்ரா வாயிலிருந்த கஞ்சியை மென்றான். விழுங்கினான்.

"அங்கயா இருந்தா ரெண்டு மேளம்" என்றான். "எது எனக்குன்னு சொல்லி வெச்சிருக்கலாம்."

சுவோன் கரண்டியைக் கீழே வைத்தான். முகத்தை மடங்கிய கைக்குள் புதைத்துக்கொண்டான். கெம்ரா கைநீட்டிக் கரண்டியைத் தேடினான். தூரம் பிடிபடாமல் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். கஞ்சி இருவர் மேலும் கொட்டியது.

"கழுவு போ" என்றான். "அப்புறம் அழு."

சரின் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு முறை வந்தார், பதின்மூன்று வருடத்துக்கு முன் கேட்ட அதே கேள்வியோடு. சுவோன் பதில் சொன்னான்: "ரோன் எப்படியும் தாளம் தட்டறதில்ல."

கூடத்துக் கேசட்டைச் சுவோன் வாங்கிக்கொண்டான். சரின் தடுக்கவில்லை. இப்போது அங்கே காலைப் பயிற்சிக்குப் பாட்டு இல்லை, விசில்தான்.

கெம்ரா சூரின் பேருந்தில் ஏறவில்லை. அறையில் இரண்டாவது பாய் விரித்தாயிற்று. ஞாயிறு தோறும் மேடையோரத்தில் வலது காது மேளத்தைப் பார்த்திருக்க, அண்ணனுக்கு இடப்புறம் உட்கார்ந்து கைத்தாளம் தட்டுகிறான்.

பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு, சம்பாத்துக்குத் தாய்லாந்துக்காரன் ஒருவனோடு ஐந்து ரவுண்டுச் சண்டை. குழல் நிம், மேளம் சுவோன், தாளம் கெம்ரா.